கோள்களைத் துழாவியது வீண் வேலை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம் என்றால் கண் கெடும், படிப்பு போகும் என்பதைத் தாண்டி நம் பத்திரிகைகளில் பெரிதாக எதுவும் வருவதில்லை. சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் விமர்சனம் வருகிறது, ஆனால் ஒருவர் முப்பது நாற்பது மணி நேரம் உட்கார்ந்து ஆடும் கேமுக்கு ஒரு பத்தி கூடக் கிடைப்பதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது 2010-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 2' பற்றி, அதிலும் எல்லோரும் திட்டிய ஒரு பகுதியைப் பற்றி. கனடாவின் பயோவேர் நிறுவனம் செய்த கேம். ஷெப்பர்ட் என்ற தளபதியாக நார்மண்டி என்ற கப்பலில் ஊர் ஊராகப் போவதுபோல் விண்மீன் விண்மீனாகப் போய் ஆள் சேர்க்கிறோம், கடைசியில் உயிரோடு திரும்புவோமா என்றே தெரியாத ஒரு போருக்குக் கிளம்புகிறோம். இதற்கு நடுவே கனிமம் தேட வேண்டும். ஒரு கோளின் மேல் ஸ்கேனரை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும், பக்கத்தில் ஓடும் கோடு துள்ளி எழுந்தால் அந்த இடத்தில் ஒரு ஆய்வுக்கலத்தை இறக்க வேண்டும். கிடைப்பது இரிடியம், பல்லேடியம், பிளாட்டினம், அப்புறம் கதைக்காகக் கற்பனை செய்த எலிமென்ட் ஜீரோ. கலங்கள் தீர்ந்தால் எரிபொருள் நிலையத்துக்குப் போய் வாங்கி வந்து மறுபடியும் முதலிலிருந்து. மணிக்கணக்கில் இதேதான், அலுப்பாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். முதல் முறை ஆடியபோது நானும் அலுத்துப்போய்க் கனிமம் தேடுவதைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்தக் கனிமத்தை வைத்துக் கப்பலின் கவசத்தைப் பலப்படுத்தச் சொல்லி, நான் சேர்த்த குழுவில் ஜேக்கப் கேட்டார், கேடயத்துக்கு டாலி கேட்டார், பீரங்கிக்கு காரஸ் கேட்டார், எதற்கும் போதிய கனிமம் என்னிடம் இல்லை. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். போய்ச் சேருவதற்குள்ளேயே குழுவில் இருந்த ஜாக் இறந்துபோனாள், கவசம் போடாததால். அவளை நான்தான் சிறையிலிருந்து கூட்டி வந்தேன், அவள் கதையை முழுக்கக் கேட்டிருந்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த முறை ஒவ்வொரு கோளையும் பொறுமையாகத் துழாவினேன், ஒருவரும் சாகவில்லை. அந்த அலுப்பான வேலைதான் அத்தனை பேர் உயிரையும் காப்பாற்றியது, இப்படி ஒரு கணக்கைப் படம் பார்ப்பவனுக்கு யாராலும் வைக்க முடியாது.

இன்னொன்று. ஒவ்வொரு கோளுக்கும் ஒரு குறிப்பு இருக்கும், ஆரம் எவ்வளவு, ஒரு நாள் எத்தனை மணி நேரம், காற்றழுத்தம், வெப்பநிலை என்று. அதைப் படித்துப் படித்துத்தான் நிஜத்தில் இதெல்லாம் எப்படி என்று தேட ஆரம்பித்தேன். பல்லேடியம் என்ற பெயரே 1802-இல் கண்டுபிடித்த பல்லாஸ் குறுங்கோளிலிருந்து வந்தது என்பதும், டைனோசர்களை அழித்த விண்கல்லை 1980-இல் அல்வாரெஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஊகித்தது களிமண் அடுக்கில் இருந்த இரிடியத்தை வைத்துத்தான் என்பதும் எனக்கு அப்படித் தெரிந்தவை. கேமில் ஒரு கலத்தை இறக்கினால் ஆயிரக்கணக்கில் கனிமம் வந்து சேரும். நிஜத்தில் ஜப்பானின் ஹயபூசா 2 விண்கலம் கிளம்பியது 2014 டிசம்பரில், ரியுகு குறுங்கோளிலிருந்து மண்ணோடு திரும்பியது 2020 டிசம்பரில், ஆறு வருடத்துக்குக் கிடைத்தது சுமார் 5.4 கிராம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது, அதன் அருமை புரியும் அளவுக்கு நான் முன்பே தேடி அலைந்திருந்தேன்.

2007-இல் வந்த முதல் பாகத்தில் மாகோ என்ற ஆறு சக்கர வண்டியில் கோள்களில் இறங்கியே ஓட்டலாம். மலையில் ஏறினால் உருளும், கனிமம் எடுத்தாலும் பணமும் அனுபவப் புள்ளியும்தான். ஆனாலும் நம் நிலவில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் பூமி தெரியும், அதற்காகவே அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நெடுநேரம் இருந்திருக்கிறேன்.

ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு முறையாவது அரைப் பக்கம் ஒதுக்கி, ஆடி முடித்தவர்களையே எழுதச் சொல்லுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் நானே எழுதித் தருகிறேன், நிலவில் வண்டி நிறுத்தியதிலிருந்து தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருச்சி.