விடையோடு விளக்கமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை முகப்புத் திண்ணையில் அமர்ந்து நாள்தோறும் நிரப்பும் என் அப்பத்தா, சென்ற வாரம் 'ரசம் கலங்கினால் பூத் தொடுக்கலாம் (3)' என்ற குறிப்புக்கு 'மல்லி' என எழுதி, குறுக்கே வந்த சொல் பொருந்தாமல் தாள் கிழியும்வரை அழித்தார். மறுநாள் 'சரம்' என்ற விடை மட்டுமே வந்தது. 'கலங்கினால்' என்பது எழுத்துகளை இடம் மாற்றச் சொல்லும் சைகை என்று நான் விளக்கிய பின்பே அவருக்குப் பிடிபட்டது.

1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிரில் நேரடிக் குறிப்புகளே இருந்தன. அவற்றுக்கு விடை மட்டும் போதும். சொல்லை உடைத்து விளையாடும் குறிப்புகளுக்கு அது போதாது. 'வாகனத்தை அருந்தினால் எங்கள் ஊர் (5)' என்று நானே ஒன்று அமைத்தேன்: காரை, குடி, இடையே வல்லினம் மிகுந்து, காரைக்குடி. (அப்பத்தா சிரிக்கவில்லை.) இதில் 'க்' தனிக் கட்டம் பெறுகிறது, புள்ளி எழுத்துக்கும் கட்டம் உண்டு என்பதைப் புதியவர்களுக்காகப் புதிரின் கீழே அச்சிடலாம்.

விடைகளுடன் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வரி விளக்கம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி.