காத்தடிக்கிற மெத்தைப் பெட்டியில ஷீட் கனத்தையும் போடுங்கய்யா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராத்திரி தங்க வர்றவங்களுக்கு காத்தடிக்கிற மெத்தை வாங்கலாமான்னு யார் கேட்டாலும் தாராளமா வாங்குங்கன்னுதான் சொல்வேன், ஆனா பெட்டி மேல இருக்குற படத்தப் பாத்து மட்டும் வாங்காதீங்க. எத்தனை கிலோ தாங்கும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், பம்ப் உள்ளயே இருக்குன்னு ஒரு ஸ்டார் போட்டு காட்டியிருப்பாங்க. அது எவ்ளோ நாள் உழைக்கும்னு தீர்மானிக்கிற ரெண்டு சங்கதி, ஒண்ணு பிவிசி ஷீட்டோட கனம், இன்னொண்ணு மெத்தைக்குள்ள எப்படி கட்டியிருக்காங்கங்கறது, இந்த ரெண்டையும் பல பெட்டியில பூதக்கண்ணாடி வெச்சு தேடினாலும் காணோம். அதனாலதான் இத எழுதுறேன்.

மொதல்ல கனம். வீட்டு உபயோக மெத்தையில 0.4 மில்லிமீட்டர் பக்கம் சாதாரணமா பாக்கலாம், அதுக்கு மேல இருந்தா நல்லது, கீழ எறங்கினா எனக்கு நம்பிக்கை இல்ல. மெல்லிசு ஷீட்னா சீக்கிரம் பஞ்சர் ஆகும்னு மட்டும் நெனைக்கிறோம், அது சீக்கிரம் இழுபட்டு தொளதொளன்னும் ஆயிடும், அப்புறம் எவ்ளோ காத்தடிச்சாலும் நடுவுல குழி விழும்.

அடுத்தது உள்கட்டு. மேல் ஷீட்டையும் கீழ் ஷீட்டையும் உள்ளுக்குள்ள பட்டையோ வட்டமான தூண்களோ நூலிழைகளோ வெச்சு இழுத்துப் பிடிச்சிருப்பாங்க, அது இல்லைன்னா காத்தடிச்சதும் பலூன் கணக்கா உருண்டுக்கும். நீளப் பட்டை வெச்சதுல முதுகுக்குக் கீழ வரப்பு வரப்பா தட்டுப்படும், தூண் வெச்சது இல்ல நெருக்கமா இழை வெச்சது கொஞ்சம் சமமா இருக்கும். இதெல்லாம் ஷீட்டோட சேர்ற ஒட்டு ஒண்ணு உள்ள விட்டுச்சுன்னா டப்னு ஒரு சத்தம் கேக்கும், அவ்ளோதான், அந்த எடத்துல மெத்தை வீங்கிக்கும், பக்கத்து ஒட்டு மேல பாரம் ஏறி அதுவும் விடும், கொஞ்ச நாள்ல நடுவுல ஒரு மேடு நிக்கும். பஞ்சர்னா ஒட்டலாம், இத ஒட்டவே முடியாது. கல்லு மாதிரி இறுக்கமா காத்தடிக்கிறது, பிள்ளைங்க ஏறி குதிக்கிறது, அடிச்ச மெத்தைய வெயில்ல போட்டு வெக்கிறது, பெரும்பாலும் இதாலதான் இப்படி ஆகுது. விரல வெச்சு அமுக்கினா கொஞ்சம் உள்ள போகணும், அந்த அளவு போதும்.

"புது மெத்தை, காலைல பாத்தா காத்து எறங்கிடுச்சு, ஓட்டை"ன்னு திருப்பி அனுப்புறவங்க நெறைய பேர். பாதி நேரம் ஓட்டையே இருக்காது. புது பிவிசி மொத சில தடவ நல்லா இழுத்துக் கொடுக்கும், அதனால விருந்தாளி வர்றதுக்கு மொத நாளே அடிச்சு வெச்சிட்டு படுக்கப் போறப்ப மறுபடி கொஞ்சம் நெரப்பிக்கணும். இன்னொரு காரணம் குளிர்ச்சி. சாயங்காலம் 30 டிகிரியில அடிச்ச காத்து விடியக்காலை 20 டிகிரிக்கு வந்தா 3 சதவீதம் போல சுருங்கும், கேக்க கம்மிதான் ஆனா மெத்தையில படுத்தா தெரியும். இதையும் தாண்டி எறங்குதுன்னா மொதல்ல வால்வ சந்தேகப்படுங்க, மூடிய சுத்தி சோப்புத் தண்ணி தடவினா கசியிற எடத்துல சின்ன சின்னதா முட்டை விடும்.

மேல்பக்கம் வெல்வெட் மாதிரி ஒட்டியிருக்கறது வெறும் அழகுக்கு இல்ல, பெட்ஷீட் வழுக்காது, பொரண்டு படுக்கறப்ப கிறீச் கிறீச்னு வர்ற சத்தமும் கொறையும். ஒரே சிக்கல், அது மேல பேட்ச் ஒட்டாது. ஓட்டைய சுத்தி இருக்குற வெல்வெட்ட மட்டும் உப்புத்தாள் போட்டு மெதுவா தேய்ச்சு எடுத்துட்டு, சுத்தமா தொடச்சு காய வெச்சு அப்புறம்தான் பேட்ச்.

உள்ளயே பம்ப் இருக்குறது எல்லாருக்கும் புடிக்குது, எனக்கு அவ்ளோ இஷ்டம் இல்ல. மோட்டார் போச்சுன்னா சில மாடல்ல வேற வழியா காத்தடிக்கவே முடியாது, நல்ல மெத்தையும் சேந்து குப்பைக்குப் போகும். தனி பம்ப்னா அத மட்டும் மாத்திக்கலாம். உள் பம்ப்தான் வேணும்னா கூடவே சாதாரண வால்வும் இருக்கான்னு பாத்துக்குங்க. ராத்திரி தானா காத்து நெரப்பிக்கிற வகையும் இருக்கு, அது அப்பப்ப லேசா உறுமும், தூக்கம் கெடுறவங்களுக்கு சரிப்படாது.

உயரம் வர்ற ஆளப் பொறுத்தது. முட்டி வலி உள்ள பெரியவங்களுக்கு 45 சென்டிமீட்டர் போல ஒசரமா இருந்தாதான் ஒக்காந்து எந்திரிக்க முடியும், சின்னப் பசங்களுக்கு அதுல பாதி போதும், உருண்டு விழுந்தாலும் பெருசா அடி படாது. ஒசரமான மெத்தை ஆட்டமும் ஜாஸ்தி, ஓரத்துல ஒக்காந்தா சாயும். ரெண்டு பேர் ஒரே மெத்தையில படுத்தா ஒருத்தர் பொரண்டா இன்னொருத்தர் எழும்பி எழும்பி விழுவாங்க, எடம் இருந்தா ரெண்டு சிங்கிள் வாங்கறதுதான் புத்திசாலித்தனம்.

முதுகு சில்லுன்னு இருக்குன்னு விருந்தாளி சொன்னா மேல இன்னொரு போர்வை குடுக்காதீங்க, அடியில விரிங்க. உள்ள இருக்குற காத்து சுத்திச் சுத்தி உடம்புச் சூட்டக் கீழ கொண்டு போயிடுது, மெத்தைக்கும் பெட்ஷீட்டுக்கும் நடுவுல கனமான போர்வை ஒண்ணு போட்டா எவ்ளோ வித்தியாசம்னு அவங்களே சொல்வாங்க. மடிக்கிறப்ப ஈரம் இல்லாம தொடச்சு லூசா மடிங்க, ஒவ்வொரு தடவையும் அதே மடிப்புல மடிச்சா அங்கதான் மொதல்ல விரிசல் விடும். பிவிசி வாடை ஒரு நாள் ரெண்டு நாள் காத்தாட போட்டா கொறையும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும், கைக்குழந்தைய இதுல தூங்க வெக்கவே கூடாது. முகம் மெத்தையில அமுங்கியோ ஓரத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல சிக்கியோ மூச்சு முட்டிடும். அந்த எச்சரிக்கை மெத்தை மேலயே போட்டிருந்தாலும் பெட்ஷீட் விரிச்சதும் மறைஞ்சு போயிடுது.

எத்தனை கிலோன்னு போடத் தெரிஞ்ச கம்பெனிக்காரங்களுக்கு ஷீட் எத்தனை மில்லிமீட்டர், உள்ள தூணா பட்டையா இழையா, தனி வால்வ் உண்டா, வாரண்டியில உள் ஒட்டு விட்டுப்போறதும் சேருமான்னு நாலு வரி போட எடம் இல்லாமயா போச்சு? நுகர்வோர் செய்தி எழுதறப்ப உங்க பத்திரிகை இந்த நாலையும் அவங்க கிட்ட நேரடியா கேட்டுப் பதில் வாங்கி அப்படியே போடணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்