மண்மேடும் பழைய ஓடையும்

மஞ்சக்குப்பம், கடலூர்.
ஐப்பசி 18

அன்புள்ள நண்பா,

புதுச்சேரியில் மழை எப்படி? இங்கே மூன்று நாளாக விடாமல் பெய்கிறது. கெடிலத்தில் செம்மண் தண்ணீர் போகிறது. ஜார்க்கண்டில் திறந்தவெளிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உன் மகன், அங்கே கொட்டிய மண்மேடு சரியாமல் நிற்குமா என்று போட்ட கணக்கைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டிருந்தாய். இரண்டு முறை பார்த்துவிட்டேன். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. மேல்மண்ணைக் கொட்டிய மேட்டுக்குப் பாதுகாப்புக் காரணி, அதாவது சரியவிடாமல் தாங்கும் வலிமை சரியத் தள்ளும் விசையைப் போல எத்தனை மடங்கு என்பது, 1.3 என்று வந்திருக்கிறது. சாய்வும் விதியில் சொன்ன 37.5 பாகைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த 1.3-ஐ அவன் நம்புகிற அளவுக்கு என்னால் நம்ப முடியவில்லை.

கொட்டிய மண்ணுக்கு மாதிரி எடுத்துச் சோதித்திருக்கிறான். மேடு உட்கார்ந்திருக்கும் தரைக்கோ வேறொரு இடத்து அறிக்கையிலிருந்து வலிமை மதிப்பை எடுத்துப் போட்டிருக்கிறான். நீர்மட்டத்தைத் தரைக்கு வெகு கீழே ஒரு நேர்கோடாக இழுத்துவிட்டான். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், இதே போலக் காகிதத்தில் குறையே இல்லாத ஒரு மேடு, அடைமழை முடிந்த நான்காம் நாள் இரவில் பாதம் பிதுங்கி முன்னே நகர்ந்துவிட்டது. ஆள்சேதம் இல்லை, ஒரு பம்பு செட்டு புதைந்ததோடு போயிற்று. பழைய நிலப்படத்தை விரித்துப் பார்த்தபோதுதான், மேட்டின் பாதம் தூர்ந்துபோன ஓடை ஒன்றின் வண்டல் களிமண்மேல் நின்றிருந்தது தெரிந்தது. வேல்ஸில் அபெர்ஃபான் ஊரின் மேல் 1966 அக்டோபர் 21 அன்று சரிந்து, 116 குழந்தைகள் உட்பட 144 பேரைக் கொன்ற நிலக்கரிக் கழிவு மேடும் நீரூற்றின்மேல் கொட்டப்பட்டதுதான்.

இன்னொன்று. சறுக்கும் பரப்பை, அதாவது மண் எந்தத் தளத்தில் பிரிந்து நழுவும் என்பதை, அவன் வட்ட வில்லாகவே வைத்துத் தேடியிருக்கிறான். அடியில் மெல்லிய களிமண் படிவம் இருந்தால் மண் வட்டமாகச் சறுக்காது, அந்தப் படிவத்தை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போகும். வட்டங்களை மட்டும் தேடுகிற மென்பொருள் அதைக் காட்டாமலே விட்டுவிடும்.

வெட்டிய சரிவையும் கொட்டிய மேட்டையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்பதையும் அவனிடம் சொல். ஈரக் களிமண்மேல் மண்ணைக் கொட்டும்போது அடியிலுள்ள நீர் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறுகிறது. ஆகவே கொட்டி முடித்த நாளே பெரும் ஆபத்து, பிறகு நீர் வடிய வடியத் தரை இறுகும். களிமண்ணை வெட்டும்போது நடப்பது நேர் எதிர்: பாரம் நீங்கிய மண் மெல்ல மெல்ல நீரை உறிஞ்சி உப்பி வலிமை இழப்பதால், வெட்டிய அன்று கம்பீரமாக நின்ற சரிவு சில ஆண்டுகள் கழித்து விழலாம். நம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் ஊற்று நீரை இராப்பகலாக இறைத்துக்கொண்டிருப்பது எதற்காக? இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து மேலே எழும்பும். தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமல் சரிவைப் பற்றிப் பேசுவது, மாப்பிள்ளையைக் கேட்காமல் முகூர்த்தம் வைப்பது போலத்தான்.

போன ஞாயிறு கேப்பர் மலைப் பக்கம் போயிருந்தேன். செம்மண்ணை வெட்டிய ஓரிடத்தில், விளிம்பிலிருந்து நான்கடி உள்ளே, விளிம்புக்கு இணையாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. குடையின் முனையை விட்டுப் பார்த்தேன். கைப்பிடி வரை இறங்கிற்று. வெடிப்புக்கு இருபுறமும் ஒவ்வொரு முளை அடித்து, நாள்தோறும் நாடாவால் அளந்தாலே போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். இடைவெளி எவ்வளவு என்பதைவிட, நேற்றைவிட இன்று வேகமாக விரிகிறதா என்பதுதான் முக்கியம். அமெரிக்காவின் பிங்கம் கேன்யன் தாமிரச் சுரங்கத்தில் 2013 ஏப்ரலில் மலை போன்ற சரிவு விழுந்தும் உயிர்ச்சேதம் இல்லாமற்போனது, நகர்வின் வேகத்தை ரேடாரில் கவனித்து ஆட்களை முன்கூட்டியே வெளியேற்றியதால்தான். உன் மகனின் அறிக்கையில் முளையும் இல்லை, ரேடாரும் இல்லை.

அவன்மேல் கோபித்துக்கொள்ளாதே, அந்த வயதில் நானும் இப்படித்தான் எழுதினேன். சுரங்கம் தோண்டுவதற்கு முந்தைய நிலப்படத்தைத் தேடி எடுத்து, மேட்டின் பாதத்தருகே இரண்டு துளையிட்டு, நீர்மட்டம் பார்த்து எனக்கு அனுப்பச் சொல். வட்டத்தை விட்டுவிட்டு, மேட்டை ஆப்பு ஆப்பாகப் பிரித்துக் கையாலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பெஞ்சின், அதாவது சுரங்கத்தில் படிபோல வெட்டிய தளத்தின், விளிம்பில் ஜீப்பை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்