கீழ்பவானியில் கான்கிரீட் கேட்கிறவர்களுக்கும் வேண்டாம் என்கிறவர்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கமுங்க.

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் கசியாமல் இருக்கக் கான்கிரீட் போடவேண்டும் என்று ஒரு தரப்பும், போடக்கூடாது என்று இன்னொரு தரப்பும் கேட்கிறார்கள். நான் இரண்டு தரப்புக் கூட்டத்துக்கும் போயிருக்கிறேன், இரண்டிலும் மனசார கை தட்டியிருக்கிறேன். எங்கள் தோட்டம் பெருந்துறைப் பக்கம், வாய்க்காலுக்குக் கீழே. தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது கரூர் மாவட்டத்துக் கடைமடையில்.

தை மாதம் புஞ்சைப் பயிர்களுக்கு முறைத் தண்ணீர் விடும்போது, எங்கள் மதகு மூடியிருந்தாலும் கிணற்றில் ஊற்று எடுத்துவிடும். தென்னையும் மாடும் கோடையைத் தாண்டுவது அந்தக் கசிவுநீரால்தான். அதே வாரம் தங்கச்சி போன் போட்டு, "அண்ணா, கொப்பு வாய்க்கால்ல இன்னும் தண்ணியே வரலை, கடலை போடறதா வேண்டாமா?" என்று கேட்பாள். எனக்குப் பதில் வராது. என் கிணற்றில் ஊறுவதில் அவள் பங்கும் இருக்கிறதே.

1955இல் பவானிசாகர் அணை கட்டி முடித்தார்கள். அதிலிருந்து 200 கிலோமீட்டர் மண் வாய்க்கால், அது பாயும் ஆயக்கட்டு நிலம் 2.07 லட்சம் ஏக்கர். தண்ணீர் கடைசி வரைக்கும் போகவேண்டும், வழியெல்லாம் ஊறவும் வேண்டும் என்று நாம் ஒரே வாய்க்காலிடம் கேட்கிறோம். எனக்கும் இரண்டும் வேண்டும், எதை விடுவது என்று இன்னும் தெரியவில்லை.

கான்கிரீட் கேட்கிறவர்களே, கசிவை வெறும் இழப்பு என்று சொல்லாதீர்கள். உங்கள் ஊர்க் கிணறுகளும் இந்த வாய்க்காலை நம்பித்தான் இருக்கின்றன, குடிதண்ணீருக்கும் சேர்த்து. வேண்டாம் என்கிறவர்களே, நம் பக்கத்தில் கரையோரம் மோட்டார் வைத்து ராத்திரியில் உறிஞ்சுகிறார்களே, அதைப் பற்றி நம் கூட்டத்தில் ஒருத்தராவது வாய் திறந்தோமா? கடைமடைக்குப் போகாத தண்ணீரில் அதுவும் சேர்த்திதான், அதைக் கசிவின் தலையில் கட்டிவிட்டு நாம் நல்லவர்களாக இருக்க முடியாது.

மோட்டாரை நிறுத்துவது, ஓட்டை மதகையும் பலவீனமான கரையையும் சரிசெய்வது, இதற்கு யாரும் எதிரியில்லை. முதலில் அதைச் செய்யச் சொல்லி ஒன்றாகக் கேட்போம். அப்புறம் தண்ணீர் விடும் ஒரு முறைக்காலம் முழுக்க இரண்டு தரப்பும் சேர்ந்து மதகு மதகாக, கிணறு கிணறாக அளப்போம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கான்கிரீட் எங்கே வேண்டும், எங்கே கூடாது என்று பேசலாம்.

அடுத்த தடவை தண்ணீர் விட்ட நாளிலிருந்து என் கிணற்றைத் தினமும் கயிறு விட்டு அளந்து எழுதி வைக்கப்போகிறேன். அங்கே மதகில் எழுதுவதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். நடுவில் இருக்கும் ஊர்க்காரர்கள் யாராவது சேருங்கள்.