தெப்பத்தை விட்டுவிடாதீர்கள்

சிறுவர் நூல் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஹோமரின் கிரேக்கக் காப்பியமான ஒடிசிக்கு இன்னொரு கதைச்சுருக்கம் வந்திருக்கிறது. ஒற்றைக்கண் அரக்கனுக்கு வண்ணப்படத்தோடு 6 பக்கம். கலிப்சோ என்ற தேவதையின் தீவில் 7 ஆண்டு அடைபட்டுக் கிடந்த நாயகன் ஒடிசியஸ் அங்கிருந்து கிளம்புவதற்கு ஒரே வரி: "கலிப்சோ படகு கொடுத்து அனுப்பினாள்."

அவள் படகு கொடுக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கொடுத்தது ஒலிவக் காம்பு போட்ட இருபுறக் கூர் வெண்கலக் கோடரி, மரம் செதுக்க ஒரு வாய்ச்சி, பிறகு துளையிடத் துரப்பணம். மரம் நிற்கும் இடத்தையும் காட்டினாள். தீவின் கோடியில் ஆல்டர், பாப்லர், ஃபிர் மரங்கள். நின்றபடியே காய்ந்தவை, அதனால் லேசாக மிதக்கும். அவற்றில் 20 மரங்களைச் சாய்த்து, செதுக்கி, நூல் பிடித்து நேராக்கி, துளையிட்டு, முளை அடித்து இறுக்கித் தெப்பம் கட்டினான். அகலம் ஒரு சரக்குக் கப்பலின் அடிப்பாகம் அளவுக்கு. மேலே தளம், பாய்மரம், பாயைத் தாங்கும் குறுக்குக் கழியான பருமல், சுக்கான். அலை ஏறாமலிருக்கச் சுற்றிலும் வில்லோ மிலாறால் அடைப்பு. பாய்க்குத் துணி தந்தாள். அதைப் பாயாக்கிக் கயிறு கட்டியதும் அவனே. 4 நாளில் வேலை முடிந்தது. 5ஆம் நாள் கிளம்பி, சப்தரிஷி மண்டலத்தை இடக்கைப் பக்கமே வைத்துக் கண்ணயராமல் 17 நாள் ஓட்டினான். 18ஆம் நாள் கரை தெரிந்த பிறகுதான் கடல் தெய்வம் பொசைடனின் புயல் பாய்மரத்தை நடுவில் முறித்தது.

இந்தத் தச்சு வேலையை நீக்கிவிட்டால் கடைசியில் கட்டில் காட்சி காலில்லாமல் நிற்கிறது. வேரோடு நின்ற ஒலிவ மரத்தையே ஒரு காலாக்கி, துரப்பணம் போட்டு அவன் செய்த கட்டில் அது, நகர்த்த முடியாதது. வீடு திரும்பியதும் அதைச் சொல்லித்தான் மனைவி பெனெலோப்பியிடம் தன்னை நிரூபிக்கிறான். படகைத் தானமாக வாங்கியவனுக்குத் திடீரென்று கட்டில் செய்ய எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

அட்டைப்படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பீரங்கித் துளைகளோடு மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல்! டிராய் போரில் இவ்வளவு வெடிமருந்து இருந்திருந்தால் கிரேக்கர்கள் ஒளிந்து நகருக்குள் புக மரக்குதிரை எதற்கு?

அட்டை கிடக்கட்டும். அடுத்த அச்சில் தெப்பம் கட்டும் பகுதியை முழுதாகச் சேர்க்க வேண்டும். ஒன்றரைப் பக்கம் போதும். படம் போடுவதானால் கட்டைகளைக் கயிற்றால் கட்டியதாக வரைய வேண்டாம், முளை அடித்ததாகவே வரையுங்கள். இடமில்லையென்றால் அரக்கனிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிரேக்கக் காப்பிய வாசகர்கள் சிலர்