ஒரே சிகரம் என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீங்களும் வேறு இரண்டு தியான ஆசிரியர்களும் பௌத்தப் பயிற்சி பற்றி அண்மையில் நடத்திய உரையாடலை முழுவதும் கேட்டேன். உங்களிடம் பயின்றவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே சந்தேகத்தோடு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம் என்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

கேள்வி நேரத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "மூச்சைக் கவனிக்கும்போது எண்ணம் வந்தால் அதற்கு ஒரு பெயரிட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னார் ஓர் ஆசிரியர். பெயரிடவே கூடாது என்றார் இன்னொருவர். நான் எதைச் செய்வது?" என்று கேட்டார். மூவரும் புன்னகைத்தீர்கள். எல்லாப் பாதைகளும் ஒரே சிகரத்துக்குத்தான் போகின்றன, உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதைச் செய்யுங்கள் என்று பதில் வந்தது. கைதட்டல் எழுந்தது. அந்த இளைஞர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அவர் கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை, ஐயா. எது பொருந்தும் என்று தெரியாததால்தானே அவர் உங்களிடம் வந்தார்?

பாதைகள் வேறுபடுகின்றன என்பதை அன்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்லாமல் விட்டீர்கள் என்று அறிவேன். சபையில் ஒருவரை ஒருவர் மறுப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் பயிற்சியில் இருப்பவனுக்கு இந்த வேறுபாடுகள் தத்துவ விவகாரம் இல்லை. அடுத்த நிமிடம் என்ன செய்வது என்ற கேள்வி.

கால் வலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் அசையாமல் அமர்ந்திருக்கிறோம், முழங்கால் தீயாய் எரிகிறது. பர்மிய பிக்கு மகாசி சயாதவின் மரபில் பயின்றவர், வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பதை விட்டுவிட்டு வலிக்கே கவனத்தைக் கொண்டுபோய், "வலி, வலி" என்று மனத்துக்குள் குறிப்பார். விபஸ்ஸனா ஆசிரியர் எஸ். என். கோயங்காவின் மரபில் பயின்றவர் எந்தச் சொல்லையும் சொல்லமாட்டார். தலை முதல் கால்வரை முறையாக நகர்ந்துவரும் கவனம் முழங்காலுக்கு வரும்போது அந்த உணர்ச்சியைச் சமநிலையோடு பார்த்துவிட்டுக் கடந்துபோவார். இன்னொரு பர்மிய ஆசிரியரான பா ஆக் சயாதவிடம் பயின்றவர் வலியைப் பொருட்படுத்தாமல் மூச்சிலேயே நிற்பார். நிமித்தம் என்று சொல்லப்படும் ஒளி தோன்றி, அது நிலைபெற்று, ஜானம் எனப்படும் ஆழ்ந்த ஒருமுக நிலைகள் கைகூடுவதற்கு முன்பு அவர் விபஸ்ஸனாவை, அதாவது உள்ளதை உள்ளபடி காணும் பயிற்சியை, பொதுவாகத் தொடுவதில்லை. ஜென் மரபில் ஜப்பானிய ஆசிரியர் தோகென் காட்டிய வழியில் வெறுமனே அமர்பவருக்குக் கவனிப்பதற்கென்று தேர்ந்தெடுத்த பொருள் எதுவுமே கிடையாது. ஒரே வலி, நான்கு கட்டளைகள். ஒன்றைச் செய்துகொண்டே மற்றொன்றைச் செய்ய முடியாது. ஒரு முகாமில் ஒன்றும் அடுத்த முகாமில் மற்றொன்றுமாகப் பழகியவர்கள், எந்த முறையிலும் ஆழம் காணாமல் பல ஆண்டுகள் அலைவதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். பத்து நாள் முகாமில் சேர்பவர்களிடம் பிற பயிற்சிகளை அந்த நாட்களுக்கு ஒதுக்கிவைக்குமாறு கோயங்கா மரபு கேட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர் உங்கள் பதிலைவிடத் தெளிவாகப் பேசினார். கோசாம்பியில் கோசிதாராமத்தில் அவர் சக பிக்குகளிடம் சொன்னது யுகநத்த சூத்திரமாக, புத்தர் காலத்து உரைகளின் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. தம்மிடம் வந்து அருகநிலை, அதாவது முழு விடுதலை, எய்தியதாக அறிவித்தவர்கள் எல்லோரும் நான்கு வழிகளில் ஏதாவது ஒன்றால் எய்தியவர்களே என்கிறார். சிலர் முதலில் சமதத்தை, அதாவது மன அமைதியை வளர்த்துப் பிறகு விபஸ்ஸனாவுக்கு வந்தார்கள். சிலர் விபஸ்ஸனாவில் தொடங்கி அமைதிக்கு வந்தார்கள். சிலருக்கு இரண்டும் இணைந்தே வளர்ந்தன. வேறு சிலரின் மனம் தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையை, பற்றிய கொந்தளிப்பில் சிக்கி, பின்னர் ஒருநாள் தானே அடங்கி ஒருமுகப்பட்டது. போய்ச் சேர்ந்த இடம் ஒன்று என்பதை ஆனந்தரும் ஏற்கிறார். ஆனாலும் நான்கையும் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் ஏற்கிறார். நீங்கள் மூவரும் அந்தப் பிரித்துக் காட்டும் பகுதியைத் தாண்டிவிட்டீர்கள்.

வெளிப்படையாக வாதிடுவது பௌத்தத்துக்குப் புதிதும் இல்லை. 1950களில் மகாசி சயாதவின் முறை பர்மாவிலிருந்து இலங்கைக்கு வந்தபோது, கொழும்பு வஜிராராமத்தைச் சேர்ந்த சோம தேரர், கேமிந்த தேரர் போன்ற கற்றறிந்த பிக்குகள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். வயிற்றின் அசைவைக் கவனிக்கும்படி எந்தச் சூத்திரத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். சமாதியை, அதாவது மன ஒருமையை, வளர்க்காமல் நேராக விபஸ்ஸனாவுக்குப் போகலாமா என்று கேட்டார்கள். மகாசி தரப்பினர், வயிற்றின் அசைவு வாயு தாதுவின் வெளிப்பாடு, நிலம், நீர், தீ, காற்று என்ற நான்கு தாதுக்களைக் கவனிப்பது விழிப்புணர்வுப் பயிற்சியைச் சொல்லும் சதிபட்டான சூத்திரத்திலேயே இருக்கிறது என்றார்கள். ஜானமின்றி விபஸ்ஸனா வழியாகவே செல்பவரை, புத்தகோசர் எழுதிய பழைய பயிற்சி நூலான விசுத்திமக்கம் ஏற்றிருக்கிறது என்றும் சுட்டிக்காட்டினார்கள். விவாதம் 1960களிலும் எழுத்தில் தொடர்ந்தது. அதைப் படிக்கும்போது சில இடங்களில் சூடு பறக்கிறது, உண்மைதான். ஆனாலும் ஒரு முறை எந்த அடிப்படையில் நிற்கிறது, எதைப் பணயம் வைக்கிறது என்பது எனக்கு முதன்முதலாக விளங்கியது அந்த வாதத்தில்தான். புன்னகைகளில் அது விளங்கியதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

தம்மபதத்தின் உரையில் ஒரு பொற்கொல்லர் மகனின் கதை வருகிறது. உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்கிறேன். இளைஞன், அழகன், புத்தரின் தலைமைச் சீடரான சாரிபுத்தரிடம் துறவு பெற்றவன். இளம் வயதில் காமம்தான் மேலோங்கும் என்று கணித்த சாரிபுத்தர், உடலின் அழுக்கையும் அழிவையும் சிந்திக்கும் அசுப தியானத்தை அவனுக்குக் கொடுத்தார். அவன் காட்டுக்குப் போய் முயன்றான். மனம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. திரும்பி வந்தான். அதே பயிற்சியை இன்னும் விளக்கிச் சொல்லி அனுப்பினார். மறுபடியும் தோல்வி. மழைக்காலம் முழுவதும் இப்படியே கழிந்தது. அதன் பிறகு சாரிபுத்தர் செய்ததுதான் எனக்கு வியப்பு. சீடனிடம் ஊக்கம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அவனை அழைத்துக்கொண்டு புத்தரிடம் போய், என்னால் இவனுக்கு வழிகாட்ட முடியவில்லை என்ற நிலையை எடுத்துச் சொன்னார். அறிவில் தமக்கு அடுத்த நிலையில் இருப்பவர் என்று புத்தராலேயே போற்றப்பட்டவர் அவர்.

புத்தர் அந்த இளைஞனின் முற்பிறவிகளை ஆராய்ந்து பார்த்தார். பல பிறவிகளாகப் பொன்னை உருக்கி அழகான வடிவங்கள் செய்தே பழகிய மனம். அதற்கு அருவருப்பு ஒவ்வாது. பொன்னாலான ஒரு தாமரையைக் கொடுத்து, அதை மணற்குவியலின் மேல் நட்டுவைத்துப் பார்த்துக்கொண்டிரு என்றார். மனம் உடனே ஒடுங்கியது, ஜானம் கைகூடியது. பிறகு அந்தத் தாமரை அவன் கண்முன்னே வாடி நிறம் இழந்தது. நிலையாமையை அவன் அங்கே கண்டான்.

இந்தக் கதையை அற்புதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் கொடுத்த கம்மட்டானம், அதாவது தியானப் பொருள், மாணவனுக்குப் பொருந்தாமல் போகலாம், அது மாணவனின் குறையாக இருக்கவேண்டிய அவசியமில்லை என்பதை மரபே பதிவு செய்து வைத்திருக்கிறது. விசுத்திமக்கம் நாற்பது தியானப் பொருள்களைச் சொல்லி, மனிதர்களை ஆறு சுபாவங்களாகப் பிரித்து, இன்ன சுபாவத்துக்கு இன்னது உகந்தது என்று பொருத்திக் காட்டுவதும் இதனால்தான். காம சுபாவம் உள்ளவனுக்கு அசுபம், கோப சுபாவம் உள்ளவனுக்கு மைத்ரி, சிந்தனை ஓயாதவனுக்கு மூச்சு என்று போகிறது அது. இன்று பெரும்பாலான மையங்களில் நூறு பேர் வந்தால் நூறு பேருக்கும் ஒரே பயிற்சி. ஒரு முறையை ஆழமாகக் கற்பிக்க அது வசதி என்பதை மறுக்கவில்லை. அந்த முறையில் தேறாதவன் எங்கே போவான் என்பதுதான் என் கவலை. "இன்னும் அமருங்கள்", "பொறுமையாக இருங்கள்" என்ற பதில்களைத் தவிர அவனுக்கு வேறொன்றும் கிடைப்பதில்லை. உங்கள் உரையாடல் நெடுகக் காத்திருந்தேன். என் மாணவர் ஒருவருக்கு என் முறை உதவவில்லை, அவரை இவரிடம் அனுப்பினேன் என்று மூவரில் ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இளைஞருக்கு அதைவிடப் பெரிய உதவி இருந்திருக்காது.

நீங்கள் பேசாமல் விட்ட இன்னொன்று, பயிற்சி தீங்கும் செய்யலாம் என்பது. இதைப் பொதுவில் சொன்னால் புதியவர்கள் பயந்துவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். சூத்திரங்கள் தயங்கவில்லை. சங்யுத்த நிகாயத்தின் வேசாலி சூத்திரத்தில், புத்தர் அசுப தியானத்தைப் புகழ்ந்து பேசிவிட்டு அரை மாதம் தனிமையில் இருக்கப் போகிறார். வழிகாட்டல் இல்லாமல் அதில் இறங்கிய பிக்குகள் தங்கள் உடல்மேல் தாங்கமுடியாத வெறுப்புற்றார்கள், பலர் உயிரையும் விட்டார்கள். திரும்பி வந்த புத்தர், சங்கம் ஏன் இப்படி மெலிந்துவிட்டது என்று கேட்கிறார். ஆனந்தர் நடந்ததைச் சொல்லி, வேறொரு முறையை உபதேசியுங்கள் என்று வேண்டுகிறார். புத்தர் எல்லாப் பிக்குகளையும் கூட்டி மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதியைக் கற்பிக்கிறார். தங்கள் ஆசானின் வாழ்நாளிலேயே நடந்த இந்தத் துயரத்தை மறைக்காமல் மனப்பாடம் செய்து தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்த அந்தப் பிக்குகளின் நேர்மையை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

2017இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பௌத்த தியானம் செய்யும் மேற்கத்தியர்களையும் அவர்களது ஆசிரியர்களையும் பேட்டி கண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அச்சம், தூக்கமின்மை, தன்னைத்தானே அந்நியமாக உணர்தல், புலனுணர்வுகளில் மாற்றம் என்று பல அனுபவங்கள் அதில் பதிவாகியிருக்கின்றன. சிலருக்கு அவை சில நாட்களில் தீர்ந்தன, சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடித்தன. மனநோய் வரலாறு இல்லாதவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஆசிரியர்களுக்கு இது தெரிந்த செய்திதான். ஆனால் முகாமில் ஒருவர் மூன்று இரவுகள் தூங்காமல் நடுங்கிக்கொண்டு வந்து நின்றால், "பழைய சம்ஸ்காரங்கள் (மனப் பதிவுகள்) வெளியேறுகின்றன, சமநிலையோடு கவனியுங்கள்" என்று திருப்பி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அல்லது ஏதோ ஒரு விபஸ்ஸனா ஞானப் படிநிலையின் பெயரை அந்தத் துன்பத்துக்குச் சூட்டி, முன்னேற்றம் என்று வாழ்த்துகிறார்கள். சில நேரம் அது முன்னேற்றமாகவும் இருக்கலாம். தூங்காதவனுக்கு முதலில் தூக்கம் வேண்டும். கண்ணைத் திறந்து, நடந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, யாரோடாவது பேச வேண்டும். தேவையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். அமர்வை நிறுத்தச் சொல்லும் துணிவும் ஆசிரியருக்குரிய கடமைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

யார் எந்த நிலையை அடைந்திருக்கிறார் என்ற பேச்சும் அன்று வந்தது. அதில் மட்டும் உங்கள் தயக்கம் சரி. அடையாததை அடைந்ததாகத் தெரிந்தே சொல்லும் பிக்கு சங்கத்திலிருந்து நீங்கியவன் ஆகிறான். அடைந்திருந்தாலும் துறவு பூணாதவர்களிடம் அதைச் சொல்வது குற்றம் என்கிறது துறவிகளின் ஒழுக்க விதிகளான விநயம். ஆனால் மாணவன் ஆசிரியரைச் சோதிக்கவே கூடாது என்று உங்களோடு இருந்த ஒருவர் சொன்னபோது நீங்கள் மறுத்திருக்க வேண்டும். வீமம்சக சூத்திரத்தில் புத்தர் தம்மையே கண்ணாலும் காதாலும் ஆராயும்படி பிக்குகளை அழைக்கிறார். அவரைச் சோதிக்கலாம் என்றால் மற்றவர்களைச் சோதிப்பதில் என்ன தவறு?

அடுத்த முறை நீங்கள் மூவரும் சேரும்போது, பொதுவான பாராட்டுரைகளைக் குறைத்துக்கொண்டு ஒரேயொரு வேறுபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரிட்டுக் குறிப்பதா வேண்டாமா என்பதையே எடுத்துக்கொள்ளலாம். ஏன் அதைச் செய்கிறீர்கள், எந்த மாணவருக்கு அது உதவவில்லை, அப்போது என்ன செய்தீர்கள் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். உடன்படாத இடத்தில் உடன்படவில்லை என்றே சொல்லுங்கள். எங்கள் நம்பிக்கை அதனால் குலையாது. முகாமின் முதல் நாள் உரையில், என்ன நேர்ந்தால் உடனே எழுந்து வந்து உங்களிடம் சொல்லவேண்டும் என்பதையும், பயிற்சியைப் பாதியில் விட்டுச் செல்வது குற்றமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த உரையை எழுதுவதில் உதவி வேண்டுமென்றால் நானும், உங்களிடம் பயின்ற இன்னும் சிலரும் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

மாறாத அன்புடன்,
உங்கள் மாணவன்