அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கடிதம் கேட்காதீர்கள்: எங்கள் ஊர்க் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் ஐயா, செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் மூன்று பேருடைய பிள்ளைகளுக்கு நான் தமிழ் படிப்பித்திருக்கிறேன், இரண்டு பேர் எனக்கு மாமா முறை. அந்த மரியாதைக்காகத்தான் ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இதில் எழுதாமல் விடுகிறேன். நேரில் கதைக்க இரண்டு தரம் வந்தேன். முதல் தரம் கூட்டம் முடிந்துவிட்டது என்றீர்கள். மற்றத் தரம் "இது குழு எடுத்த முடிவு, தனி ஆளோடு கதைக்க ஏலாது" என்றீர்கள். சரி, அப்படியென்றால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதிவிடுகிறேன்.

கெம்பஸுக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு, அனுமதி கிடைத்த பிள்ளைகளுக்கான கௌரவிப்பு விழாவில் என்ன நடந்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்கள் மேடையில் இருந்தீர்கள், நான் தகரப் பந்தலின் கீழே மூன்றாவது வரிசையில் இருந்தேன். அந்தப் பிள்ளை ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியது நாலே நாலு வரி. "இதற்காக நான் சரியாகக் கஷ்டப்பட்டேன். என்னால் ஏலாது என்று நிறையப் பேர் சொன்னார்கள். ஏலும் என்று காட்டியிருக்கிறேன். என்னை நினைக்க எனக்கே பெருமையாக இருக்கிறது." அப்புறம் அம்மாவுக்கும், உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பித்த சேருக்கும், பாதையில், அதாவது ஆற்றைக் கடக்கிற மிதவையில், வேலை செய்கிற அண்ணன்மாருக்கும் நன்றி சொன்னாள். அவ்வளவுதான். அவள் கீழே இறங்குவதற்குள் உங்களில் ஒருவர் ஒலிவாங்கியை வாங்கி, படிப்புக் கூடினால் பணிவும் கூட வேண்டும், தன்னைத் தானே புகழ்வது தகுதி இல்லை என்று நன்னூலிலேயே இருக்கிறது என்றார். அவள் சான்றிதழை நெஞ்சோடு பிடித்தபடி படிக்கட்டில் நின்றாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் பேசி முடிக்கும் வரைக்கும் அப்படியே நின்றாள்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். மூன்று நாள் கழித்து, கெம்பஸ் போகிற பிள்ளைகளுக்குக் குழு தருகிற உதவிப் பணம் வேண்டும் என்றால், விழாவில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் தர வேண்டும் என்று ஆள் அனுப்பினீர்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடிதத்தைக் கேட்காதீர்கள்.

அவள் "கஷ்டப்பட்டேன்" என்று சொன்னது உங்கள் காதில் எப்படி விழுந்ததோ தெரியாது. எனக்கு அந்தச் சொல் கேட்டவுடன் ஒரு மாரிகால அந்தி ஞாபகம் வந்தது. நம்முடைய பள்ளிக்கூடத்தில் இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாததால், கிழமையில் மூன்று நாள் அவள் களுவாஞ்சிகுடிக்கு வகுப்புக்குப் போனாள். மண்டூர்த் துறையில் சைக்கிளோடு பாதையில் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து மிதித்துப் போக வேண்டும். வெள்ளம் கூடிப் பாதை ஓடாத நாளில் வெல்லாவெளி, போரதீவு என்று சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் போக வேண்டும். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த பயணம்தான். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை தனியாக, இருட்டில், இரண்டரை வருடம் போய் வந்ததை நீங்கள் ஒரு தரமாவது யோசித்தீர்களா?

கிளினிக்குப் போய்விட்டு நானும் ஒரு நாள் அதே பாதையில் திரும்பினேன். நடு ஆற்றில் மழை பிடித்தது. சரிவாக அடிக்கிற மாரி மழை, குடை பிடித்தும் பிரயோசனம் இல்லை. பாதைக்காரத் தம்பி படங்கு ஒன்றை இழுத்து, "தங்கச்சி உள்ளுக்கு வாங்க" என்று கூப்பிட்டார். அவள் தான் போகாமல் புத்தகப் பையை மட்டும் படங்குக்குக் கீழே தள்ளினாள். பிறகு கரையில் இறங்கிப் பையைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு கொப்பியும் தனித்தனியாகச் சொப்பிங் பையில் சுற்றி, ரப்பர் பட்டி போட்டிருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, நனையவில்லை என்று தெரிந்த பிறகுதான் தன் தலைமயிரைப் பிழிந்தாள். துறையில் அவளுடைய அம்மா டோர்ச்சோடு நின்றார். யானை இறங்குகிற காலம், அதனால் வகுப்புள்ள மூன்று நாளும் வந்து நிற்பாராம். விடிய நாலு மணிக்கு மாட்டுப் பட்டிக்குப் போய், தயிர்ச் சட்டி சுமந்து விற்கிற மனுசி, அந்தியில் மறுபடியும் துறையில் நிற்கிறார். இப்படிப் படித்த பிள்ளை "நான் கஷ்டப்பட்டேன், எனக்குப் பெருமையாக இருக்கிறது" என்று சொன்னால் அதில் எந்தச் சொல் பொய்? எந்தச் சொல்லுக்கு அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

இதையும் சொல்லத்தான் வேண்டும். அவளுக்கு முன்னால் பேசிய தம்பி, தான் ராத்திரி பகலாகத் தூங்காமல் படித்ததைச் சொன்னபோது நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், தட்ட வேண்டிய பேச்சுத்தான். போன வருடம் நம்முடைய பெடியன்கள் கிரிக்கெட்டில் கிண்ணம் எடுத்தபோது, லொறியில் ஏற்றி, வெடி கொளுத்தி, பாட்டுப் போட்டு, பிரதான வீதியால் ஊர்வலம் கொண்டுவந்தீர்கள். அன்றைக்கு யாரும் பணிவைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருக்கவும் கூடாது, அது அவர்களுடைய நாள். அதே சந்தோசத்தை ஒரு பொம்பிளைப் பிள்ளை தன் வாயால் சொன்னவுடன் அது தலைக்கனமாகிவிட்டது. அவளுடைய நன்றியில் குழுவின் பெயர் இல்லாததுதான் உங்களுக்கு மனக்குறை என்று ஊருக்குள் ஒரு கதை இருக்கிறது. அது உண்மையாக இருக்கக்கூடாது என்று விரும்புகிறேன். உண்மை என்றால், அவளுக்கு வகுப்புக்குப் போக உதவி தேவைப்பட்ட இரண்டரை வருடத்தில் நாம் யாருமே அந்த வீட்டுப் படலையைத் தட்டவில்லை என்பதையும் சேர்த்து யோசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். நாம் என்று எழுதுகிறேன், அதில் நானும் அடக்கம்.

நன்னூலைச் சொன்னபடியால் தமிழ் படிப்பித்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். தான் தற்புகழ்தல் தகுதியன்று என்று அதில் இருப்பது சரிதான். ஆனால் அடுத்த சூத்திரத்தை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. தன்னைப் புகழ்வது புலவனுக்குத் தகும் என்று நான்கு இடங்களை அங்கேயே பவணந்தியார் வகுத்திருக்கிறார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதும்போது, தன்னுடைய ஆற்றலை உணராதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. ஏறக்குறைய எண்ணூறு வருடத்துக்கு முந்தியவர், அவருக்கே தெரிந்திருக்கிறது, ஒருவனுடைய திறமை தெரியாத கூட்டத்தில் அவனே சொன்னால்தான் உண்டு என்று. "உன்னால் ஏலாது" என்று சொன்ன ஊரில், சொன்ன ஆட்களும் இருந்த பந்தலில் நின்றுதான் அவள் பேசினாள். நான்கில் இரண்டு இடம் அங்கேயே வந்துவிட்டது. பாதியைச் சொல்லிப் பிள்ளையை நிறுத்தி வைத்தது நியாயமா ஐயா?

விபுலானந்த அடிகளாரையும் அன்றைக்கு உதாரணம் காட்டினீர்கள். 1892 இல் காரைதீவில் பிறந்தவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் பண்டிதர், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், அப்படி இருந்தும் எவ்வளவு அடக்கம் என்று. அடிகளாருடைய அடக்கத்தை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அடிகளாருடைய பெருமையைச் சொல்ல ஊர் இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள், இன்றைக்கும் நாம் இருக்கிறோம். அதனால் அவர் பேசாமல் இருந்தாலும் அவருடைய பெயர் நின்றது. தயிர் விற்கிறவரின் மகளுடைய பெருமையை அவளுக்குப் பதிலாக யார் சொன்னது? அழைப்பிதழில் அவளுடைய பெயர்கூடப் பிழையாக இருந்தது.

அடக்கம் எனக்கும் பழக்கப்பட்ட விசயம்தான். 1990களின் நடுவில் எனக்கு வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்தபோது அம்மா சொன்ன முதல் வார்த்தை, "ஒருத்தருக்கும் சொல்லாத". உப்பும் செத்தல் மிளகாயும் கையில் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டார், நாவூறு பட்டுவிடும் என்று. அப்பாவுக்கு வேறு பயம். அந்தக் காலத்தில் ஒரு இளம் பிள்ளையின் பெயர் நாலு பேர் வாயில் அடிபடுவதே ஆபத்து. எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்து விசாரிப்பார்கள் என்று தெரியாது. வெளியில் தெரியாமல் இருப்பதுதான் உயிர் தப்புகிற வழி. நான் பட்டதாரியான செய்தி பக்கத்து வளவுக்கே பிந்தித்தான் தெரிந்தது. எனக்கு யாரும் ஒரு மாலை போடவில்லை, அதைப் பற்றி இன்றைக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதினால் அது பொய். நம்முடைய தலைமுறை அடக்கம் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் பாதி அந்தப் பயம்தான். அது எங்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. யுத்தம் முடிந்த 2009 இல் இந்தப் பிள்ளை கைக்குழந்தை. அவள் ஏன் இன்னும் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும்?

காலம் மாறியதில் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பெறுபேறு வந்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சித்தியடையவில்லை என்று தெரிந்தும் வாசலில் வெடி கொளுத்துகிறவர்களோடு எனக்கும் சண்டை உண்டு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பத்து வயதுக் குழந்தையின் முகத்தை வீதி முழுக்க பெனர் அடித்து மாட்டுகிற டியூட்டரிகளும், ஒரு புள்ளியால் தவறிய குழந்தை அந்தப் பெனருக்குக் கீழால் தினமும் பள்ளிக்கூடம் போவதும் எனக்கு வயிறெரிகிற விசயங்கள். அதைத் தடுக்க ஒரு தீர்மானம் எடுங்கள், முதல் ஆளாகக் கையெழுத்து வைக்கிறேன். விழா என்றால் வந்த பிரமுகர்கள் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொருவருக்கும் வாழ்த்துரை, பிள்ளைகள் காலை எட்டரைக்கு வந்து பசியோடு குந்தியிருந்து பகல் ஒன்றரைக்குச் சான்றிதழ் வாங்குவது, இதையும் மாற்றுங்கள். விழாப் பெனரில் பிள்ளைகளின் படம் தபால் முத்திரை அளவிலும் நிர்வாகிகளின் படம் ஆள் உயரத்திலும் இருந்ததைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள் ஐயா. பணிவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்தால் அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

இன்னொன்றும் என் காதில் விழுந்தது. "மாவட்டக் கோட்டாவில் போகிறவள்தானே, அதற்கு இவ்வளவு பெருமையா" என்று உங்களில் ஒருவர் தேநீர்க் கடையில் சொன்னதாக. பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் தகுதியில் போகிறது, 55 மாவட்டங்களுக்குப் பிரிகிறது, 5 வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. நம்முடைய மட்டக்களப்பு அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கிறது. ஏன் இருக்கிறது? ஆசிரியர் இல்லாத, ஆய்வுகூடத்தில் பூட்டுத் தொங்குகிற பள்ளிக்கூடங்கள் இங்கே இருப்பதால்தான் இருக்கிறது. அந்த ஏற்பாட்டால் நம்முடைய ஊரில் எத்தனை பேர் வைத்தியராகவும் ஆசிரியராகவும் உத்தியோகத்தராகவும் வந்தார்கள் என்று அந்தக் கடையிலேயே எண்ணிப் பார்க்கலாம். நானும் அப்படி வந்தவள்தான். அதில் குறைவு என்ன?

போன கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். அம்மா திண்ணையில் பாயைத் தட்டிப் போட்டுவிட்டு, "எங்கட புள்ள என்ன பிழை செஞ்ச டீச்சர்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல ஏலவில்லை. பிள்ளை உள்ளே இருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறாள். "கௌரவ தலைவர் அவர்களுக்கு, அன்று நான் என்னைப் பற்றிப் பேசியதற்காக" என்பதோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே அவ்வளவும் வெறும் தாள். ஒரு பக்கக் கணக்கை ஒரு வெட்டும் இல்லாமல் செய்கிற பிள்ளை, அந்த ஒரு வரியில் நாலு இடத்தில் வெட்டியிருக்கிறாள். "காசு தேவை டீச்சர், எழுதத்தான் வேணும், மறுகா என்ன செய்யிற" என்றாள். எழுத வேண்டாம் என்று நான் சொன்னேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றித் தரச் சொல்லித்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

என் எழுத்தில் சூடு கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நூலகம் கட்ட நீங்கள் வீடு வீடாகப் போய்க் காசு சேர்த்ததை நான் மறக்கவில்லை. வெள்ளத்தில் சமைத்துக் கொடுத்ததையும் மறக்கவில்லை. உங்களால் நல்லது செய்ய ஏலும் என்று தெரிந்தபடியால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தயவுசெய்து அந்தக் கடிதக் கோரிக்கையைக் கைவிடுங்கள். உதவிப் பணத்தை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போலவே, நிபந்தனை இல்லாமல் அவளுக்கும் கொடுங்கள். தலைவர் ஐயா ஒரு நாள் அந்தியில் அந்த வீட்டுப் பக்கம் போய், "மகள், கடிதம் ஒன்றும் வேண்டாம்" என்று சொன்னால் போதும். வரும் மாதம் பதினைந்தாம் திகதிக்குப் பிறகு அவள் ஊரில் இருக்கமாட்டாள். அதற்கு முன்னர் போய்வாருங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மகள், தமிழ் டீச்சர்
படுவான்கரை, மட்டக்களப்பு